ஸ்டெஃபி கிராஃப்: முந்திய வெற்றியும் பிந்திய அன்பும்

ஸ்டெஃபி கிராஃப் 1969 ஜூன் 14 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள ப்ரூல் என்னும் சிற்றூரில். தந்தை பீட்டர் கிராஃப் கார்களும் காப்பீடும் விற்று வந்தவர். டென்னிஸ் பயிற்சியாளராகும் கனவு அவருக்கு இருந்தது. மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு மர மட்டையின் கைப்பிடியை அறுத்துச் சிறிதாக்கி அவள் கையில் கொடுத்தார். வீட்டுக் கூடமே முதல் ஆடுகளம். பந்தைத் தவறவிடாமல் 25 முறை திருப்பி அடித்தால் ஐஸ்கிரீம் உண்டு என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஐந்து வயதில் முதல் போட்டியில் ஆடினார். 13 வயதில், 1982 அக்டோபரில், ஷ்டுட்கார்ட் அருகே நடந்த போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரராகக் களமிறங்கினார்.

அந்த முதல் ஆட்டத்தில் எதிரே நின்றவர் அமெரிக்காவின் ட்ரேசி ஆஸ்டின். 6-4, 6-0 என்ற கணக்கில் கிராஃப் தோற்றார். இவரைப் போன்ற சிறுமிகள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது ஆட்டத்திற்குப் பின் ஆஸ்டின் தெரிவித்த கருத்து. இருவரும் மீண்டும் மோத 12 ஆண்டுகள் ஆயின. 1994இல் இந்தியன் வெல்ஸ் நகரில் கிராஃப் 6-0, 6-0 என்று வென்றார்.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன் ஜெர்மனியில் டென்னிஸ் இருந்த நிலையை அறிவது அவசியம். ஒரு ஜெர்மானியப் பெண் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றது 1931இல். வென்றவர் சிலி ஆசெம். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் யாருமில்லை. நாட்டில் டென்னிஸ் பெரும்பாலும் வசதி படைத்தோரின் மன்றங்களுக்குள் அடங்கிய ஆட்டமாக இருந்தது. தெருவும் பள்ளியும் கால்பந்தின் வசம். 1985 ஜூலையில் 17 வயதுப் போரிஸ் பெக்கர் விம்பிள்டனை வென்றபோது அந்த நிலை உடைந்தது. பெக்கரின் ஊரான லைமென், ப்ரூலிலிருந்து சிறு தொலைவிலேயே உள்ளது. ஏறக்குறைய ஒரே வயதுடைய, ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே காலத்தில் உலக டென்னிஸின் உச்சிக்குப் போனது விளையாட்டு வரலாற்றில் அரிதாகவே நிகழ்வது. அந்த நாட்களில்தான் ஜெர்மனியில் தனியார் தொலைக்காட்சிகளும் தொடங்கப்பட்டிருந்தன. டென்னிஸ் ஒளிபரப்பு உரிமைக்காக அவை போட்டியிட்டன. ஜெர்மானிய டென்னிஸ் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 1990களில் 20 இலட்சத்தைத் தாண்டியது. மக்கள் இருவரையும் குடும்பப் பெயரால் அழைக்கவில்லை. அவர்களுக்கு அவர்கள் ‘போரிஸ்’, ‘ஸ்டெஃபி’.

ஆனால் இருவரும் இரு வேறு இயல்புடையவர்கள். பெக்கர் பந்துக்காகப் புல்தரையில் பாய்ந்து விழுவார். சினப்படுவார், சிரிப்பார், கூட்டத்தோடு உறவாடுவார். கிராஃப் ஒரு புள்ளி முடிந்ததும் விறுவிறுவென நடந்து அடுத்த சர்வீஸுக்குத் தயாராகிவிடுவார். வென்றாலும் முகத்தில் பெரிய மாற்றம் இருக்காது. கோப்பையை வாங்கியதும் கூடிய விரைவில் அங்கிருந்து போய்விட விரும்புபவரைப் போலவே தோன்றுவார். ஜெர்மன் மொழியில் ‘கிராஃப்’ என்றால் கோமகன் என்று பொருள். பத்திரிகைகள் அதை வைத்து அவரைக் ‘கோமகள்’ என்று எழுதின. அந்தப் பட்டப்பெயரில் மதிப்பு இருந்தது, ஒரு விலகலும் இருந்தது. அவருடைய ஆட்ட வாழ்வின் முதற்பாதியில் மக்களுக்கும் அவருக்கும் இருந்த உறவு ஏறக்குறைய அதுதான்.

அவருடைய வெற்றிக்கு அடிப்படை இரண்டு: கால்களும் ஃபோர்ஹேண்டும். வலக்கை ஆட்டக்காரரான அவரது இடப்பக்கத்துக்குப் பந்து வந்தால் மற்றவர்கள் பேக்ஹேண்ட் அடிப்பார்கள். கிராஃப் ஓடிச் சுற்றிவந்து, அங்கிருந்தும் ஃபோர்ஹேண்டையே அடிப்பார். பந்து உடலுக்கு மிக நெருங்கி வரும்வரை காத்திருந்து, கடைசி நொடியில், இரு பாதங்களும் தரையை விட்டு எழ அவர் வீசும் அந்த அடி எந்த மூலைக்குப் போகும் என்பதை எதிராளியால் ஊகிக்க முடியாது. இப்படி ஆடினால் வலப்பக்கம் முழுவதும் திறந்து கிடக்கும். அந்த இடைவெளியை நம்பி அங்கே அடித்தவர்கள், அவர் அதற்குள் குறுக்கே ஓடிவந்து அதே ஃபோர்ஹேண்டால் பதில் சொல்வதைக் கண்டார்கள். ஓட்டம் இல்லாமல் அந்த ஃபோர்ஹேண்டுக்கு வாழ்வில்லை. பேக்ஹேண்டில் அவர் பெரும்பாலும் பந்தை அறுத்து அடிக்கும் ஸ்லைஸையே பயன்படுத்தினார். புல்தரையில் அந்தப் பந்து எழும்பாமல் வழுக்கிச் செல்லும். குனிந்து எடுப்பது கடினம். விம்பிள்டனில் ஏழு முறை வென்றதற்கு ஃபோர்ஹேண்டுக்குச் சமமாக இந்த ஸ்லைஸுக்கும் பங்குண்டு. பார்வையாளர்கள் அதைக் குறைவாகவே பேசினார்கள்.

1986 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் நகரில் க்ரிஸ் எவர்ட்டை வீழ்த்தியபோது முதல் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டத்தில் மார்ட்டினா நவ்ரத்திலோவாவை 6-4, 4-6, 8-6 என வென்று முதல் கிராண்ட் ஸ்லாம் கோப்பையைப் பெற்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் தோற்றது இரண்டே ஆட்டங்கள்; இரண்டும் நவ்ரத்திலோவாவிடம், ஒன்று விம்பிள்டன் இறுதியில், மற்றொன்று அமெரிக்க ஓப்பன் இறுதியில். 1987 ஆகஸ்ட் 17 அன்று உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தார். அதன்பின் 186 வாரங்கள் அந்த இடத்திலிருந்து இறங்கவில்லை.

1988ஆம் ஆண்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஜனவரியில் மெல்பர்னில் எவர்ட்டை 6-1, 7-6 என வென்றார். ஜூனில் பாரிஸ் இறுதியாட்டத்தில் சோவியத் நாட்டின் நடாஷா ஸ்வெரேவாவுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. 6-0, 6-0. அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டியதும் எல்லாம் முடிந்தது. பணம் கொடுத்து வந்த பார்வையாளர்களிடம், ஆட்டம் இவ்வளவு விரைவில் முடிந்ததற்காகக் கிராஃப் வருத்தம் தெரிவித்தார். ஜூலையில் விம்பிள்டன். நவ்ரத்திலோவா அங்கே தொடர்ந்து ஆறு ஆண்டுகள் வென்றிருந்தார். முதல் செட்டை 7-5 என எடுத்து, இரண்டாவதில் 2-0 என முன்னேறியும் இருந்தார். அங்கிருந்து நடந்த 13 கேம்களில் 12ஐக் கிராஃப் வென்றார். 5-7, 6-2, 6-1 என்ற அந்த எண்களில் ஒரு தலைமுறை மாறியது பதிவாகியிருக்கிறது. செப்டம்பரில் நியூயார்க்கில் கேப்ரியேலா சபாட்டினியை மூன்று செட்களில் வீழ்த்தியதும், ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் வென்ற மூன்றாவது பெண்ணானார். அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் மாரீன் கானலியும் மார்கரெட் கோர்ட்டும்.

அந்த ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் டென்னிஸ் 64 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அக்டோபர் 1 அன்று நடந்த இறுதியாட்டத்தில் கிராஃப் சபாட்டினியை 6-3, 6-3 என வென்றார். நான்கு கோப்பைகளும் ஓர் ஒலிம்பிக் தங்கமும் ஒரே ஆண்டில் சேர்ந்த இந்தச் சாதனைக்கு அதுவரை பெயரே இல்லை. ‘கோல்டன் ஸ்லாம்’ என்ற சொல் அவரை ஒட்டித்தான் வழக்குக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 19.

1989இலும் ஓட்டம் தொடர்ந்தது. 88 ஆட்டங்களில் 86ஐ வென்றார். நான்கு பெரிய போட்டிகளில் கைநழுவியது பிரெஞ்சு ஓப்பன் மட்டும். அங்கே 17 வயது அரான்ட்சா சாஞ்சஸ் விகாரியோ அவரை மூன்று செட்களில் வென்றார். ஜூலை 9 அன்று ஜெர்மனி கொண்டாடியது. மழையால் தள்ளிப்போன விம்பிள்டன் பெண்கள் இறுதியாட்டமும் ஆண்கள் இறுதியாட்டமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை நடந்தன. கிராஃப் நவ்ரத்திலோவாவையும் பெக்கர் எட்பெர்கையும் வென்றார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனையும் இருவரும் வென்றனர். பெர்லின் சுவர் திறந்த ஆண்டு அது.

இத்தனைக்கும் பிறகு, வெற்றி ஒருவகையில் அவருக்கு எதிராகவே வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். யார் வெல்வார் என்பது முன்பே தெரிந்த ஆட்டத்தில் கூட்டத்தின் மனம் எளியவர் பக்கமே சாயும். பாரிஸிலும் லண்டனிலும் எதிராளிக்கே கைதட்டல் மிகுதியாக எழுந்தது. ஜெர்மனியில் 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விளம்பரங்களில் அவர் முகம் இருந்தது. ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்கள் இயந்திரத்தோடு ஒப்பிடுவதை நிறுத்தவில்லை. கூச்சத்தை ஆணவம் என்று தவறாகப் படித்தவர்கள் அவர்கள்.

1990இல் அந்த இயந்திரப் படிமம் உடையத் தொடங்கியது. தந்தையின் தனிவாழ்க்கை பற்றிய செய்திகள் பரபரப்பு நாளேடுகளில் நாள்தோறும் வந்தன. செய்தியாளர் கூட்டங்களில் டென்னிஸைவிட அதைப் பற்றியே கேள்விகள் எழுந்தன. 20 வயதுப் பெண் கண்ணீரோடு எழுந்து போன தருணங்கள் உண்டு. மே மாதம் பெர்லினில் யுகோஸ்லாவியாவின் மோனிகா செலஸ் அவருடைய 66 ஆட்டத் தொடர் வெற்றியை நிறுத்தினார். செலஸ் இரு பக்கமும் இரு கைகளால் அடிப்பவர். பந்து எழும்பும்போதே எடுத்து மூலைக்குச் செலுத்துவார். ஃபோர்ஹேண்டுக்காகச் சுற்றி ஓடக் கிராஃபுக்கு இருந்த அந்த ஒரு நொடியை அவர் பறித்துக்கொண்டார். கிராஃபின் ஆட்டத்துக்கு யாரேனும் உண்மையான விடை கண்டார்கள் என்றால் அது செலஸ்தான். கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் 1993 தொடக்கம் வரை இருவரும் நான்கு முறை மோதினர். செலஸ் மூன்றை வென்றார். 1992 விம்பிள்டன் மட்டும் கிராஃபுக்கு, 6-2, 6-1 என.

1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்கில், ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருந்த செலஸின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். கிராஃப் மீண்டும் முதலிடத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தான். கிராஃபுக்கு அவனைத் தெரியாது. அவர் மருத்துவமனைக்குச் சென்று செலஸைப் பார்த்தார். நீதிமன்றம் அவனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுத் தண்டனையே விதித்தது. செலஸ் அதன்பின் ஜெர்மனியில் ஆடவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்தக் களத்திலும் ஆடவில்லை.

புகழின் மிகக் கொடிய வடிவம் இதுதான். ஓர் ஆட்டக்காரரின் மீது வைத்த வெறியில் இன்னொருவரின் வாழ்க்கையை ஒருவன் சிதைத்தான். எவருடைய பெயரால் செய்தானோ அவர் மீதும் ஒரு நிழலை விழச் செய்தான். அடுத்து வந்த பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன், 1994 ஆஸ்திரேலிய ஓப்பன் ஆகிய நான்கையும் கிராஃப் தொடர்ச்சியாக வென்றார். செலஸ் இருந்திருந்தால் என்ற கேள்வி ஒவ்வொரு கோப்பையோடும் வந்தது. அது நியாயமான கேள்வி. அதற்கான குற்றம் கிராஃப் மீது இல்லை என்பதும் அதே அளவு உண்மை. இந்த இரண்டையும் சேர்த்தே அவருடைய 22 கிராண்ட் ஸ்லாம்களைப் படிக்க வேண்டும். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

அந்த 1993 விம்பிள்டன் இறுதியாட்டம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கிறது. யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 என முன்னிலையில் இருந்தார். பதற்றம் அவரைக் கவ்விக்கொண்டது. கிராஃப் அடுத்த ஐந்து கேம்களையும் எடுத்தார். பரிசளிப்பில் நோவோட்னா கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுத படம் உலகெங்கும் வந்தது. வென்றவரின் படத்தை யாரும் நினைவில் வைக்கவில்லை. மறு ஆண்டு அதே களத்தில் கிராஃப் முதல் சுற்றிலேயே லோரி மெக்நீலிடம் தோற்றார். நடப்பு விம்பிள்டன் வீராங்கனை ஒருவர் முதல் சுற்றில் வெளியேறியது அதுவே முதல் முறை.

உடலும் முறையிடத் தொடங்கியிருந்தது. முதுகு, பாதம், கெண்டைக்கால், முழங்கால் என ஒவ்வொன்றாக வலி வந்தது. காயங்களால் 1995இலும் 1996இலும் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆடவில்லை. எஞ்சிய ஆறு பெரிய போட்டிகளில் ஆறையும் வென்றார். அவருடைய ஆட்ட வாழ்வின் உயர்ந்த சாதனையாக 1988ஐயே எல்லோரும் சொல்வார்கள்; இந்த இரண்டு ஆண்டுகள் அதற்குக் குறைந்தவையல்ல என்று வாதிட இடமிருக்கிறது. 19 வயதில் உடல் சொன்னபடி கேட்டது. 26இல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் வலியோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. 1995 விம்பிள்டன் இறுதியில் சாஞ்சஸ் விகாரியோவுடன் மூன்றாவது செட்டின் 11ஆவது கேம் மட்டும் 20 நிமிடம் நீண்டது. 13 முறை டியூஸ், 32 புள்ளிகள். அந்த ஒரு கேமைப் பிடித்ததால்தான் 7-5 என ஆட்டம் அவர் கைக்கு வந்தது.

அடுத்த மாதமே, 1995 ஆகஸ்டில், வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் பீட்டர் கிராஃப் கைதானார். மகளின் வருமானத்தை நிர்வகித்தது அவரே. தந்தை காவலில் இருந்த நிலையில்தான் கிராஃப் நியூயார்க் சென்று, களம் திரும்பியிருந்த செலஸை 7-6, 0-6, 6-3 என்ற கணக்கில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் சந்தித்து வென்றார். ஆட்டத்திற்குப் பின் தந்தையைப் பற்றிய கேள்வி வந்ததும் அழுதுவிட்டார். 1997 ஜனவரியில் மான்ஹைம் நீதிமன்றம் பீட்டருக்கு மூன்று ஆண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மகள் மீதான விசாரணை கைவிடப்பட்டது. மட்டையைக் கையில் கொடுத்த அப்பாவே மகளின் பெயருக்குக் களங்கம் தேடித்தந்ததை ஜெர்மானியக் குடும்பங்கள் தம் வீட்டுத் துயரம்போலப் பேசின. இந்தக் கட்டத்தில்தான் மக்களின் மனம் அவர் பக்கம் திரும்பியது. வெற்றிகள் சம்பாதிக்காத பரிவை, அவற்றுக்குப் பின்னால் இருந்த வேதனை சம்பாதித்தது.

1996 விம்பிள்டன் அரையிறுதியில் நடந்த சிறு நிகழ்ச்சி இந்த மாற்றத்தைக் காட்டும். ஜப்பானின் கிமிகோ டாட்டேவுக்கு எதிராகச் சர்வீஸ் போட அவர் ஆயத்தமானபோது, தன்னைத் திருமணம் செய்துகொள்வாரா என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அரங்கம் சிரித்தது. கிராஃப் பந்தைத் தட்டியபடி, உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. பத்தாண்டுகள் பார்த்தும் அறியாத ஒருவரை அந்த ஒரு வரியில் மக்கள் அறிந்துகொண்டார்கள்.

1997இல் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. பெரும்பாலோர் அவருடைய ஆட்டம் முடிந்தது என்றே எண்ணினர். 1999 மே மாதம் ஆறாவது நிலை ஆட்டக்காரராகப் பாரிஸ் வந்தார். காலிறுதியில் லிண்ட்சே டாவன்போர்ட், அரையிறுதியில் செலஸ், ஜூன் 5 அன்று இறுதியில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான 18 வயது மார்ட்டினா ஹிங்கிஸ். முதல் செட் ஹிங்கிஸுக்கு. இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது, பந்து வெளியே விழுந்ததாகச் சொன்ன தீர்ப்பை ஏற்காமல், ஹிங்கிஸ் வலையைச் சுற்றிக் கிராஃபின் பக்கத்துக்கே நடந்துபோய்ச் செம்மண்ணில் இருந்த தடத்தைக் காட்டி வாதிட்டார். ஒரு புள்ளி தண்டமானது. கூட்டம் கொந்தளித்தது. ஹிங்கிஸ் வெற்றிக்கு மூன்றே புள்ளிகள் தொலைவில் நின்ற நேரமும் வந்தது. ஆனால் அந்த மாலை அரங்கம் முழுவதும் கிராஃபின் பெயரைச் சொல்லியது. 4-6, 7-5, 6-2. பத்து ஆண்டுகளுக்கு முன் எதிராளிக்கே கைதட்டிய அதே அரங்கம் அது. தம் வெற்றிகளிலேயே மறக்க முடியாதது இதுதான் என்று கிராஃப் தெரிவித்தார். அதுவே அவருடைய கடைசிக் கிராண்ட் ஸ்லாம் பட்டம். அடுத்த மாதம் விம்பிள்டன் இறுதியில் டாவன்போர்ட்டிடம் தோற்று, ஆகஸ்ட் 13 அன்று ஹைடல்பெர்கில் ஓய்வை அறிவித்தார். அப்போதும் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்தார். அந்த ஆண்டு ஜெர்மனி அவரை ஐந்தாவது முறையாகச் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது.

மொத்தக் கணக்கு: 107 ஒற்றையர் பட்டங்கள், 900 வெற்றிகள், 115 தோல்விகள், 377 வாரங்கள் உலக முதலிடம். இந்த 377 என்ற எண்ணை ஆண், பெண் இருபாலரிலும் 2023 பிப்ரவரியில் நோவக் ஜோகோவிச் தாண்டும்வரை ஒருவரும் தொடவில்லை. விம்பிள்டன் ஏழு, பிரெஞ்சு ஓப்பன் ஆறு, அமெரிக்க ஓப்பன் ஐந்து, ஆஸ்திரேலிய ஓப்பன் நான்கு எனப் பிரிந்த 22 கோப்பைகளில்தான் அவருடைய தனித்தன்மை துலங்குகிறது. நான்கையும் குறைந்தது நான்கு முறை வென்ற ஒற்றையர் ஆட்டக்காரர் வேறு எவரும் இல்லை. மார்கரெட் கோர்ட் 24, செரீனா வில்லியம்ஸ் 23, ஜோகோவிச் 24 என எண்ணிக்கையில் அவரை முந்தியவர்கள் உண்டு. புல், செம்மண், கடினத் தரை என எந்தத் தரையிலும் குறை சொல்ல முடியாத சமநிலை அவருடையது.

ஓய்வுக்குப் பின் அவர் பொதுவெளியில் அதிகம் தோன்றவில்லை. 2001 அக்டோபரில் அமெரிக்க ஆட்டக்காரர் ஆந்த்ரே அகாஸியை மணந்து லாஸ் வேகஸில் குடியேறினார், இரண்டு குழந்தைகள். 1998இல் அவர் தொடங்கிய ‘சில்ட்ரன் ஃபார் டுமாரோ’ அறக்கட்டளை, போராலும் வன்முறையாலும் நாடுவிட்டு ஓடியதாலும் மனம் காயப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கிறது. 2004இல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் இடம்பெற்றார். அவர் ஒன்பது முறை வென்ற ஜெர்மன் ஓப்பன் நடந்த பெர்லின் அரங்குக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆஞ்சலிக் கெர்பர் 2018இல் விம்பிள்டனை வென்றபோது, 1996இல் கிராஃப் வென்ற பிறகு ஒரு ஜெர்மானியப் பெண் அங்கே வென்றது அதுவே முதல் முறை.

1988இல் அவர் செய்ததை, சக்கர நாற்காலி டென்னிஸில் டீடே டி க்ரூட்டும் டிலன் ஆல்காட்டும் 2021இல் செய்தனர். நின்று ஆடும் ஒற்றையர் ஆட்டத்தில் ஒரே ஆண்டில் கோல்டன் ஸ்லாம் வென்றவர் இன்றுவரை ஸ்டெஃபி கிராஃப் ஒருவரே.